மனசு மட்டும் போதாது, முறையும் வேணும்

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில், வீடுகளில் முதியவர்களைப் பராமரிக்கும் வேலை பற்றி உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



நம்ம குழுக்களில் இருந்து பல பேர் இப்போ படுத்த படுக்கையா இருக்கற பெரியவங்களைப் பார்த்துக்கற வேலைக்குப் போறோம். "இதுக்கு என்ன பயிற்சி? வீட்டுல மாமியாரைப் பார்த்துக்கலையா?" என்று சிலர் கேக்கறாங்க. நானும் அப்படித்தான் நினைச்சிருந்தேன்.

என் மாமியாருக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் செயல் இழந்துடுச்சு. வேளாவேளைக்குக் கஞ்சி கொடுத்தேன், வெந்நீரில் உடம்பு துடைச்சேன். முகம் சுளிச்சதே இல்லை. ஆனா அடிக்கடி திருப்பிப் படுக்க வைக்கணும்னு எனக்குத் தெரியாது. இடுப்புக்குக் கீழே தோல் கறுத்து, சூடா இருந்தது. உடம்புச் சூடுன்னு நினைச்சு பவுடர் போட்டேன். கொஞ்ச நாளில் அது குழிப்புண் ஆயிடுச்சு. கடைசி வரைக்கும் அந்தப் புண் ஆறலை. என்கிட்ட மனசு இருந்தது, முறை இல்லை.

இந்த வேலைக்குச் சட்டத்தில் தரம் இருக்கான்னு கேப்பீங்க. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007ல் வந்தது. வீட்டுப் பராமரிப்பு சேவைக்கும் பதிவும் குறைந்தபட்சத் தரமும் வேணும்னு 2019 டிசம்பரில் ஒரு திருத்த மசோதா மக்களவைக்கு வந்தது. 2024ல் அந்த மக்களவை முடிந்தபோது மசோதா நிறைவேறாமலே போயிடுச்சு. அதனால நமக்கு நாமே ஒரு தரம் வச்சுக்கணும். நான் பயிற்சியிலும் அனுபவத்திலும் கத்துக்கிட்டதைச் சொல்றேன்.

1. கை சுத்தம்: நோயாளியைத் தொடும் முன்னும், தொட்ட பின்னும் சோப்பு போட்டுக் கழுவணும். மலம், சிறுநீர் எடுக்கும்போது கையுறை. ஒரு தடவை போட்டதை மறுபடி போடக் கூடாது.

2. படுக்கை: இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பக்கம் மாத்திப் படுக்க வைங்க. இடுப்பு, குதிகால், தோள்பட்டையைத் தினமும் பாருங்க. நம்ம நிறத்துக்குச் சிவப்பு சரியாத் தெரியாது. தோல் கறுத்தோ, சூடாவோ, கெட்டியாவோ இருந்தா அது படுக்கைப்புண்ணின் தொடக்கம். அங்கே தேய்க்காதீங்க, உடனே நர்ஸிடம் சொல்லுங்க.

3. சாப்பாடு: படுத்தபடி ஊட்டாதீங்க. நிமிர்த்தி உட்கார வச்சு, சின்னச் சின்ன வாயா கொடுங்க. சாப்பிட்ட பிறகும் அரை மணி நேரம் நிமிர்ந்தே இருக்கட்டும். தூக்கக் கலக்கத்தில் இருந்தாலோ, இருமினாலோ நிறுத்திடுங்க. உணவு மூச்சுக்குழாயில் போனா உயிருக்கே ஆபத்து.

4. மருந்து: டாக்டர் சீட்டில் உள்ளது மட்டும்தான். பக்கத்து வீட்டு மாத்திரை வேண்டாம். சர்க்கரை நோயாளி சாப்பிடாம இருந்தா, மாத்திரையோ ஊசியோ கொடுக்கும் முன் டாக்டரையோ நர்ஸையோ கேளுங்க.

5. தூக்குவது: முட்டியை மடக்கி, ஆளை உடம்போடு சேர்த்துப் பிடிச்சுத் தூக்குங்க. கனமான ஆளைத் தனியாத் தூக்காதீங்க. நம்ம இடுப்பு போனா, நம்ம வீட்டு அடுப்பும் அணைஞ்சு போகும்.

6. மரியாதை: துணி மாத்தும்போது கதவைச் சாத்துங்க. தொடும் முன் சொல்லிட்டுத் தொடுங்க. கட்டிப் போடுவது, அதட்டுவது கூடாது. அவங்க நகை, பணம், ஏ.டி.எம். கார்டு எதையும் கையில் வாங்காதீங்க.

7. நோட்டு: குழுவில் தீர்மான நோட்டு எழுதற மாதிரி, அந்த வீட்டிலும் ஒரு நோட்டு வைங்க. எத்தனை மணிக்கு என்ன மருந்து, என்ன சாப்பாடு, எப்போ திருப்பிப் படுக்க வச்சோம், தோல் எப்படி இருக்கு எல்லாம் எழுதணும். ஒரு வீட்டில் "நீதான் மாத்திரையை இரண்டு தடவை கொடுத்துட்ட" என்று என் மேல பழி போட்டாங்க. நோட்டைத் திறந்து காட்டினேன். நேரமும், எண்ணிக்கையும், மகள் போட்ட கையெழுத்தும் இருந்தது. அந்த நோட்டு இல்லைன்னா என் பேரும் போயிருக்கும், நம்ம கூட்டமைப்பு பேரும் போயிருக்கும்.

அடுத்து நம்ம பாதுகாப்பு. சம்பளம், நேரம், வார விடுமுறை, என்ன வேலை என்பதை முதலிலேயே எழுதி வாங்குங்க. பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013ல் வந்தது. வேலை செய்யற வீடும் அதில் பணியிடம்தான். மாவட்டத்தில் இருக்கும் உள்ளூர் புகார்க் குழுவிடம் புகார் கொடுக்கலாம். பெண்கள் உதவி எண் 181, முதியோர் உதவி எண் 14567, அவசரத்துக்கு 108. இந்த மூணையும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைங்க.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5ல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கியது. வீடு வீடாப் போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கும் தன்னார்வலர்கள் நம்மைப் போன்ற குழுப் பெண்கள்தான். படுக்கையில் இருக்கறவங்களுக்கு நர்ஸும் பிசியோதெரபிஸ்டும் வீட்டுக்கே வர்றாங்க. அவங்ககிட்ட கேட்டுக் கத்துக்க வெட்கப்படாதீங்க.

சகோதரிகளே, பயிற்சி இல்லாமல் நம்ம உறுப்பினர் யாரும் இந்த வேலைக்குப் போகக் கூடாது, நோட்டு இல்லாமல் வேலை செய்யக் கூடாது. இதை இன்னைக்கே தீர்மானமா எழுதணும்னு கேட்டுக்கறேன். என் மாமியாருக்கு வந்த புண் இன்னொரு தாய்க்கு வரக் கூடாது.