போலிக் கணினியும் நம் நாட்டுச் செயலியும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



'போலி' என்ற சொல் சிலர் செவிக்கு நெருடலாம். கடைத்தெருவில் விலைபோகும் போலிச் சரக்கைப் பற்றி நான் பேச வரவில்லை. நம் இலக்கணத்தில் போலி என ஒன்று உண்டு. 'நிலம்' என்பதன் ஈற்றெழுத்து மாறி 'நிலன்' என நின்றாலும் பொருள் மாறுவதில்லை. ஓர் எழுத்தின் இடத்தில் வேறோர் எழுத்து வந்தமர்ந்தும் சொல் தன் பணியைச் செய்கிறது. அவ்வாறே, ஒரு செயலி இருக்கவேண்டிய இடத்தில் ஒரு மென்பொருள் வந்தமர்ந்து, அச்செயலிக்கென எழுதிய நிரலை மாற்றமின்றி இயக்கிக் காட்டுமாயின், அதனைப் போலிக் கணினி என்பதில் தவறில்லை. எமுலேட்டர் என்று பொறியியலார் வழங்குவது இதனையே.

இதற்கு என்ன தேவை என்று கேட்பீர்கள். சலவைப் பொறியிலும் மின்மானியிலும் ஏவுகலத்திலும் உள்ளடங்கி உழைக்கும் செயலிகளுக்குத் திரை இல்லை; விசைப்பலகை இல்லை. அவற்றுக்கான நிரலை வேறொரு கணினியில் எழுதித்தான் ஏற்றவேண்டும். நிரலில் பிழை நேர்ந்தால் அச்சில்லு வாய்திறந்து சொல்லாது, வாளாவிருக்கும். அன்றியும், புதிய சில்லு ஒன்றை வரைந்து ஆலைக்கு அனுப்பினால் அது கைக்கு வரப் பல திங்கள் ஆகும். அதுவரை நிரல் எழுதுவோர் கைகட்டி இருப்பதா? சில்லு இருப்பவர் மட்டுமே கற்பது, இல்லாதவர் வேடிக்கை பார்ப்பது என்னும் நிலைதான் முறையா?

இக்குறையைத் தீர்க்கும் மென்பொருள்களுள் தலையாயது 'கியூஎமு'. ஃபாப்ரீஸ் பெல்லார் என்னும் பிரெஞ்சு நாட்டு அறிஞர் 2003-இல் தொடங்கியது. அதன் மூலநிரல் திறந்தது. எவரும் எடுத்துப் படிக்கலாம், திருத்தலாம், பிறர்க்கு வழங்கலாம்.

அது வேலை செய்யும் விதம் எல்லையோரத்தில் வாழும் நமக்கு எளிதில் விளங்கும். களியிக்காவிளைச் சந்தையில் மலையாளம் மட்டும் அறிந்த வணிகரும் தமிழ் மட்டும் அறிந்த உழவரும் விலை பேசுகின்றனர் என வைத்துக்கொள்வோம். நடுவே நிற்கும் ஒருவர் ஒவ்வொரு சொல்லாகக் கேட்டு, ஒவ்வொரு சொல்லாக மாற்றிச் சொன்னால் வேலை நடக்கும். ஆனால் பொழுது சாய்ந்துவிடும். பழைய போலிக் கணினிகள் பல அவ்வாறே ஒரு கட்டளையைப் படித்து, பொருளறிந்து, செய்து, அடுத்ததற்குச் சென்றன. கியூஎமு அங்ஙனம் செய்வதில்லை. ஒரு பத்தியை முழுவதும் கேட்டு, மொழிபெயர்த்து, ஏட்டில் எழுதி வைத்துக்கொள்கிறது. அதே பேச்சு மறுமுறை வந்தால் ஏட்டை எடுத்துப் படிக்கிறது. ஒரு சுழல் ஆயிரம் முறை திரும்பினாலும் மொழிபெயர்ப்பு பெரும்பாலும் ஒருமுறையே. வேகத்தின் இரகசியம் இதுதான்.

இனி நம் நாட்டுச் செயலிக்கு வருவோம். சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில், பேராசிரியர் காமகோடி அவர்களின் தலைமையில் உருவானது 'சக்தி' என்னும் செயலி வரிசை. 2018-இல் அவற்றுள் ஒன்று சண்டிகரை அடுத்த மொகாலியில் உள்ள அரசு ஆலையிலேயே வார்க்கப்பட்டது. இவ்வரிசை 'ரிஸ்க்-ஃபைவ்' என்னும் கட்டளைத் தொகுதியைப் பின்பற்றுகிறது. அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 2010-இல் தோன்றிய அத்தொகுதிக்கு உரிமைக் கட்டணம் இல்லை. அதன் 32 பிட் அடிப்படைக் கட்டளைகள் 40 தாம். ஒரு மாணவன் ஒரு விடுமுறைக்குள் கற்றுவிடலாம்.

2021-இல் சக்தியின் 'சி' வகைச் செயலி கியூஎமுவில் இடம்பெற்றது. இதில் நான் சற்று நின்று பேச விரும்புகிறேன். கட்டளைகளை மொழிபெயர்க்கும் பகுதி ரிஸ்க்-ஃபைவுக்கென முன்னரே இருந்தது. எனினும் செயலி மட்டும் கணினியாகாது. நினைவகம் எந்த முகவரியில் தொடங்குகிறது, குறுக்கீடுகளை ஒழுங்குசெய்யும் உறுப்பு எங்குள்ளது, வெளியே செய்தி அனுப்பும் தொடர்வாயில் எங்குள்ளது என ஒவ்வொன்றையும் மெய்யான பலகையில் உள்ளவாறே அமைத்தாக வேண்டும். சக்தியில் அத்தொடர்வாயிலின் முகவரி, பதினாறடிமான எண்ணில், 11300. நிரல் அம்முகவரியை ஒட்டிய இடத்தில் ஓர் எழுத்தை இட்டால், மெய்ப்பலகையில் அது கம்பி வழியே செல்லும். கியூஎமுவிலோ நம் திரையில் தோன்றும். நிரலுக்கு வேறுபாடு தெரியாது. ஒரு வீட்டின் வரைபடத்தைப் பார்த்து, அறைக்கு அறை, சன்னலுக்குச் சன்னல் அதேபோல் மற்றொன்று கட்டுவது போன்ற பொறுமையான வேலை இது. கைதட்டல் கிடைக்கும் வேலையன்று. ஆனால் இது நடந்த பின்னரே, பலகை வாங்க இயலாத பிள்ளையும் சக்திக்கு நிரல் எழுத வழி பிறந்தது.

அன்று சேர்ந்தவை ஒரு செயலிக் கரு, காலங்காட்டி, குறுக்கீட்டு ஒழுங்கி, ஒரு தொடர்வாயில் ஆகியவையே. மெய்ப்பலகையில் உள்ள வேறு உறுப்புகளுக்கு அப்போது போலி எழுதப்படவில்லை. மூலநிரல் திறந்திருப்பதால், விடுபட்டதை எழுதிச் சேர்க்க எவருடைய சிபாரிசும் வேண்டுவதில்லை. எழுதியது நன்றாயிருந்தால் ஏற்பர். குறையிருந்தால் காரணம் சொல்லித் திருப்பி அனுப்புவர்.

சென்னையில் நடப்பது குன்னத்துகாலுக்கு என்ன ஆயிற்று என்று எண்ணவேண்டா. 2025 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்ட 'ஐரிஸ்' என்னும் விண்வெளிச் செயலி, சக்தியை அடிப்படையாகக் கொண்டது. அதற்கான எண்ணத்தை முன்வைத்தது, நம் ஊரில் பேருந்தேறினால் சென்றடையும் திருவனந்தபுரத்தில் இருக்கும் இஸ்ரோவின் நிலைமச் சாதன அலகு. அதே நகரில் உள்ள சி-டாக் நிறுவனமோ 'வேகா' என்னும் ரிஸ்க்-ஃபைவ் செயலி வரிசையை உருவாக்கியுள்ளது. நம் பிள்ளைகள் வேலை தேடி எத்தனையோ கடல் கடக்கிறார்கள். அடுத்த ஊரில் நடப்பதை நாம் அவர்களுக்குச் சொன்னோமா?

போலிக் கணினியால் ஆகாததும் உண்டு. ஒரு கட்டளைக்கு மெய்ச்சில்லில் எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பதைக் கியூஎமு துல்லியமாகக் காட்டாது. மின்சாரம் எவ்வளவு செலவாகும், சில்லு எவ்வளவு சூடேறும் என்றும் சொல்லாது. கியூஎமுவில் ஓடிய நிரல் பலகையிலும் ஓடும் என்று பந்தயம் கட்டவேண்டா; இறுதிச் சோதனை பலகையில்தான். எனினும் பிழைகளிற் பெரும்பகுதியை முன்னரே களையலாம். ஓடும் நிரலை நடுவே நிறுத்தி, அதன் 32 பதிவகங்களிலும் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்க்கலாம்.

நம் படிப்பகத்தில் உள்ள பழைய கணினியே இதற்குப் போதும். அதில் கியூஎமுவை நிறுவி வைத்துள்ளேன். 'சக்தி_சி' என்று பெயர் கொடுத்தால் அப்பலகை உயிர்பெறும். வரும் ஞாயிறு காலை பத்து மணிக்கு, ஒன்பதாம் வகுப்புக்கு மேல் படிக்கும் ஆண்பிள்ளைகளும் பெண்பிள்ளைகளும் வரலாம். முதல் பயிற்சி, அந்த 11300-ஆம் முகவரியின் வழியே தம் பெயரை எழுத்தெழுத்தாய்த் திரைக்கு அனுப்புவது. சி மொழி தெரிந்த பெரியோர் எவரேனும் உடனிருந்து உதவ இசைந்தால், செயலாளரிடம் இன்றே பெயர் கொடுக்க வேண்டுகிறேன்.