நாகூரா, வேளாங்கண்ணியா? குழுவாகப் போனால் எங்கே தங்குவது?

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியது)



காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் நம்ம குழுக்கள் பலவற்றில் மூன்று மதத்துப் பெண்களும் ஒன்றாக உட்கார்ந்துதான் சேமிக்கிறோம். அதனால் வெளியூர் போகலாம் என்று பேச்சு எடுத்தால் நாகூர், வேளாங்கண்ணி இரண்டு பெயரும் சேர்ந்தே வருகிறது. போவதில் சண்டை இல்லை, தங்குவதில்தான் சண்டை. "எப்பவும் உங்க ஊர்லயே தங்கணுமா?" என்று ஒரு வார்த்தை விழுந்துவிட்டால் போதும், அடுத்த வாரம் ஒரு அக்கா சந்தா கட்ட வருவதில்லை. இரண்டு நாள் பயணத்துக்காக, வருஷக்கணக்கில் கட்டிய குழு உடையக் கூடாது.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்வோம். நாகூர் தர்காவின் ஐந்து மினாராக்களில் உயரமானது 131 அடி. அதைக் கட்டிக்கொடுத்தவர் தஞ்சாவூர் மராட்டிய மன்னர் பிரதாப் சிங், ஒரு இந்து. வேளாங்கண்ணிக்குக் காவி உடுத்தி நடந்து போகிறவர்களிலும் எல்லா மதத்தாரும் உண்டு. இரண்டுமே எல்லோருக்கும் சொந்தமான ஊர். எனவே தங்குமிடத்தை மதத்தை வைத்துப் பார்க்க வேண்டாம். ராத்திரி, பணம், உடம்பு இந்த மூன்றையும் வைத்துப் பார்ப்போம்.

இடம் எப்படி இருக்கிறது? நடுவில் நாகப்பட்டினம். அதற்கு வடக்கே சுமார் 5 கிலோமீட்டரில் நாகூர், தெற்கே சுமார் 10 கிலோமீட்டரில் வேளாங்கண்ணி. எழும்பூரிலிருந்து காரைக்கால் போகும் இரவு ரயில் நாகப்பட்டினம், நாகூர் வழியாகப் போகிறது. வேளாங்கண்ணிக்கு 2010ல் ரயில் பாதை வந்தாலும் இந்த ரயில் அந்தப் பக்கம் போகாது. நாகப்பட்டினத்தில் இறங்கி பஸ் பிடிக்க வேண்டும்.

1. ராத்திரி எங்கே இருக்க வேண்டும்?

பகலில் எந்த ஊரையும் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பலாம். இருட்டின பிறகு நடக்கும் வழிபாடு எந்த ஊரிலோ, அங்கேதான் தங்க வேண்டும். நாகூர் கந்தூரியில் சந்தனக்கூடு நாகப்பட்டினத்திலிருந்து ராத்திரியில் புறப்பட்டு வரும், விடியற்காலையில் சந்தனம் பூசுவார்கள். அதைப் பார்க்கப் போகிறவர்கள் நாகூரில் தங்கணும். வேளாங்கண்ணித் திருவிழா ஆகஸ்ட் 29ல் கொடியேறி செப்டம்பர் 8ல் முடிகிறது. 7ஆம் தேதி பெரிய தேர் பார்க்க வேண்டுமென்றால் வேளாங்கண்ணியில் தங்கணும். கந்தூரி பிறைக் கணக்குப்படி வருவதால் வருஷத்துக்குப் பத்து, பதினொரு நாள் முன்னால் நகரும். தேதியை விசாரிக்காமல் டிக்கெட் எடுக்காதீர்கள். திருவிழா இல்லாத நாளில் போவதே நம்மைப் போன்ற குழுவுக்கு நல்லது. அப்போதும் நாகூரில் வியாழன் இரவும் வேளாங்கண்ணியில் சனி, ஞாயிறும் கூட்டம் இருக்கும்.

2. வாடகை மட்டும் செலவு இல்லை

ஒரு உதாரணக் கணக்கு போடுவோம். 15 பேர், மூன்று அறை. ஒரு ஊரில் அறை 1,200 ரூபாய், இன்னொரு ஊரில் 800 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு இரவுக்கு மிச்சம் 1,200 ரூபாய், தலைக்கு 80 ரூபாய்தான். ஆனால் ராத்திரி பஸ் கிடைக்காமல் 1,500 ரூபாய்க்கு வேன் பிடித்தால் அந்த மிச்சமும் போய், மேலே 300 ரூபாயும் போச்சு. சாதாரண நகரப் பேருந்தில் 2021லிருந்து பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. எந்த பஸ் என்று கேட்டு ஏறுங்கள், கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதையும் கேட்டுவையுங்கள்.

3. நம்மில் பலவீனமானவர் யார்?

முட்டிவலி உள்ள பாட்டி, கைக்குழந்தைக்காரி, மாதவிலக்கு வந்த பெண், இவர்களுக்கு எது வசதியோ அதுதான் குழுவுக்கு வசதி. கீழ்த்தளத்தில் அறை இருக்கிறதா, கக்கூஸ் அறைக்குள்ளேயா வெளியிலா, ராத்திரி தண்ணீர் வருமா, கதவுக்கு உள்தாழ்ப்பாள் உண்டா என்று போனிலேயே கேட்க வேண்டும். வேளாங்கண்ணியில் கோயில் நிர்வாகமே நடத்தும் விடுதிகள் உண்டு, முன்னாடியே பதிவு செய்யுங்கள். எல்லோரும் ஆதார் அட்டை எடுத்து வரணும். காசு மிச்சம் என்று கடற்கரையில் படுக்கவே கூடாது. கடலோரத்தில் பிறந்த நமக்குக் கடலைப் பற்றிச் சொல்ல வேண்டாம். 2004 டிசம்பர் 26 சுனாமியில் வேளாங்கண்ணியில் வெளியூர் யாத்திரிகர்கள் எத்தனையோ பேர் இறந்துபோனார்கள்.

சண்டை தீரவில்லையா? நாகப்பட்டினத்திலேயே தங்குங்கள். காலையில் ஒரு ஊர், மாலையில் இன்னொரு ஊர். நீலாயதாட்சி அம்மன் கோயிலும் அங்கேயே இருக்கிறது, சிக்கல் முருகன் கோயிலும் பக்கம்தான். யாருக்கும் மனக்குறை இல்லை.

கடைசியாகப் பணம். உள்கடன் கொடுக்க வைத்திருக்கும் சேமிப்பில் பயணத்துக்குக் கை வைக்க வேண்டாம். அது ஒரு தங்கச்சியின் பள்ளிக் கட்டணம், ஒரு அக்காவின் மீன்கூடை முதல். மாதம் 100 ரூபாய் தனியாகக் கட்டினால் ஒரு வருஷத்தில் தலைக்கு 1,200 ரூபாய் சேரும். எந்த ஊர், எந்த விடுதி, எவ்வளவு செலவு என்பதை ஊக்குநர் மட்டும் முடிவு செய்யாமல், எல்லோரும் பேசி, தீர்மானப் புத்தகத்தில் எழுதி, எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்புவோம். 15 பேராகப் போகிறோம், திரும்பி வரும்போதும் 15 பேரும் பேசிக்கொண்டே வர வேண்டும்.