கேஸ் அடுப்பா, இண்டக்‌ஷன் அடுப்பா? முதல்ல கரண்ட் பில்லைப் பாருங்க

(நுகர்வோர் விழிப்புணர்வுக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

இங்க வந்திருக்கிற நிறையப் பேர் கையில போன் இருக்கு. அதுல மின்வாரியச் செயலி வச்சிருக்கிறவங்க ஒருமுறை திறந்து, கடைசி மூணு நாலு பில்லுல எத்தனை யூனிட்னு பாருங்க. நான் பேசப் போறதே அந்த எண்ணைப் பத்தித்தான்.

"கேஸ் விலை ஏறிட்டே போகுது, இண்டக்‌ஷன் வாங்கிடலாமா?" என்பதுதான் எல்லாரும் கேட்கிற கேள்வி. கடையில கேட்டா அடுப்பு விலையைச் சொல்வாங்க. பக்கத்து வீட்டு அக்காவைக் கேட்டா அவங்க வீட்டு அனுபவத்தைச் சொல்வாங்க. உங்க வீட்டுக்கான பதில் உங்க பில்லுலதான் இருக்கு. இதை நான் தெரிஞ்சுக்கிட்டது ஒரு அடி வாங்கின பிறகுதான். சித்திரை வெயில்ல ஏசி ஓடிட்டிருந்த நேரத்துல இண்டக்‌ஷன் வாங்கி, மூணு வேளைச் சமையலையும் அதுல மாத்தினோம். கேஸ் மிச்சம்னு சந்தோஷமா இருந்தோம். பில் வந்ததும் அந்தச் சந்தோஷம் போச்சு.

கணக்கைச் சொல்றேன். வீட்டுச் சிலிண்டர்ல 14.2 கிலோ கேஸ் இருக்கு. கேஸ் அடுப்புல எரியிற வெப்பத்துல மூணுல ஒரு பங்கு பாத்திரத்துக்குப் போகாம பக்கவாட்டுல வீணாகுது. இண்டக்‌ஷன்ல பாத்திரமே சூடாகிறதால வீண் குறைவு. இதையெல்லாம் கழிச்சுப் பார்த்தா, ஒரு சிலிண்டர் செய்யிற வேலைக்கு இண்டக்‌ஷனுக்குச் சுமார் 140 யூனிட் வேணும்.

2025 ஏப்ரல் விலை உயர்வுக்குப் பிறகு சென்னையில சிலிண்டர் 868 ரூபாய் 50 காசா இருந்துச்சு. விலை மாறினா நீங்க கடைசியா கொடுத்த தொகையை வச்சுக்கோங்க. மின்சாரத்துக்கு ஒரே விலை கிடையாது. இரண்டு மாசத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். அடுத்த 100-க்கு மானிய விலை. 400 வரைக்கும் யூனிட் 5 ரூபாய்க்குள்ள. 400-லிருந்து 500 வரை 6 ரூபாய்க்கு மேல. 500-ஐத் தாண்டினா 8 ரூபாய்க்கு மேல. 2024 ஜூலை கட்டண மாற்றத்தை ஒட்டி முழு எண்ணாகச் சொல்றேன். காசுக் கணக்கு உங்க பில்லுலயே இருக்கும். இன்னொன்னு, 500-ஐ ஒரு யூனிட் தாண்டினாலும் 101 முதல் 200 வரைக்கான மானிய விலை கிடைக்காது. இது பலருக்குத் தெரியறதில்ல.

ஒரு சிலிண்டர் 45 நாள் வர்ற வீடுன்னு வைங்க. முழுச் சமையலையும் மாத்தினா இரண்டு மாசத்துல சுமார் 187 யூனிட் கூடும். இப்ப 240 யூனிட் ஓடுற வீடா இருந்தா 427 ஆகும். பில்லுல 900 ரூபாய்க்கு மேல கூடும். ஆனா கேஸ்ல சுமார் 1,160 ரூபாய் மிச்சம். லாபம்தான். அதே ஆளுங்க ஏசி போட்டு 430 யூனிட் ஓட்டினா 617 ஆகும். பில்லுல 1,600-க்கு மேல கூடும். மிச்சமாகிற கேஸ் அதே 1,160-தான். எங்க வீட்டுல நடந்தது இதுதான்.

அதனால இப்ப நாங்க இரண்டையும் வச்சிருக்கோம். பால், டீ, வெந்நீர், குக்கர் எல்லாம் இண்டக்‌ஷன்ல. அப்பளம் சுடறது, கத்தரிக்காய் சுடறது, விருந்தாளி வந்தா நாலு பாத்திரம் ஏத்துறது கேஸ்ல. கோடையில மட்டும் இண்டக்‌ஷனுக்கு ஓய்வு.

வாடகை வீட்டுல இருக்கிறவங்க கொஞ்சம் நிதானமா யோசிங்க. வீட்டுக்காரர் துணை மீட்டர் வச்சு யூனிட்டுக்கு எட்டு, ஒன்பது ரூபாய்னு வாங்கினா, இலவச 100 யூனிட்டும் உங்களுக்கு வராது, இந்தக் கணக்கும் பொருந்தாது. அங்க கேஸ்தான் மலிவு. உங்க வீட்டுக்குன்னு தனி மின் இணைப்பு இருந்தா பிரச்சினை இல்ல.

பணத்தை விட முக்கியமான விஷயம் ஒன்னு இருக்கு. 2000 வாட் அடுப்பு கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். நம்ம சமையலறையில மிக்ஸிக்குப் போட்டிருக்கிறது 6 ஆம்பியர் பிளக் பாயிண்ட். அதுல கன்வெர்ட்டர் பிளக் சொருகி இண்டக்‌ஷன் ஓட்டினா பிளக் உருகும், சில நேரம் தீப்பிடிக்கும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு 16 ஆம்பியர் பாயிண்ட், தனி ஒயர், எர்த் எல்லாம் போட்ட பிறகு அடுப்பை வாங்குங்க. பழைய வீடா இருந்தா மின் பளு போதுமான்னும் பாருங்க. சந்தேகம்னா மின்னகத்துக்கு 94987 94987-ல பேசலாம். கேஸ் பக்கமும் அலட்சியம் வேண்டாம். ரப்பர் குழாய்க்குக் காலாவதி தேதி உண்டு. வீட்டுக்குப் போனதும் பாருங்க. கசிவு வாசம் வந்தா சுவிட்ச் எதையும் தொடாம, ரெகுலேட்டரை மூடி, ஜன்னலைத் திறந்து, வெளியே வந்து 1906-க்கு அழைங்க.

பாத்திரம்: ஒரு காந்தத்தை எடுத்து அடியில ஒட்டிப் பாருங்க. ஒட்டினா ஓடும். இரும்பு தோசைக்கல் ஓடும். அடி தட்டையா இருக்கணும். அலுமினியக் குக்கர், பித்தளை, மண்சட்டி ஓடாது. புதுப் பாத்திரச் செலவையும் கணக்குல சேர்த்துக்கோங்க. இதயத்துல பேஸ்மேக்கர் வச்சவங்க வீட்டுல இருந்தா, வாங்குறதுக்கு முன்னாடி மருத்துவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க.

பின்வரிசையில ஒரு அம்மா கேட்டாங்க: "அப்ப கேஸ் இணைப்பைத் திருப்பிக் கொடுத்துடலாமா?" கொடுக்கலாம்மா. இணைப்புச் சான்று, சிலிண்டர், ரெகுலேட்டர் மூணையும் ஏஜென்சியில ஒப்படைச்சா டெபாசிட் திரும்பக் கிடைக்கும். ஆனா மழைக்காலத்துல இரண்டு நாள் கரண்ட் இல்லாம இருந்திருக்கீங்களா? நான் இருந்திருக்கேன். இப்போதைக்கு வச்சிருங்க.