மாதர் முதுமைக்குச் செய்ய வேண்டிய முன்னேற்பாடு

(நெய்க்காரப்பட்டியில் கூடிய நமது சங்கக் குடும்பக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் சங்கக் கூட்டங்களில் பிள்ளைகளின் கல்வியைப் பற்றியும், கல்யாணச் செலவைக் குறைப்பதைப் பற்றியும் பேசுவது வழக்கம். இன்று யான் எடுத்துக்கொண்ட பொருள் வேறு. 45 வயதுக்கும் 60 வயதுக்கும் இடைப்பட்ட நம் வீட்டுப் பெண்மக்கள், வரப்போகும் முதுமையைத் தேக சுகத்தோடு கழிக்க இப்பொழுதே செய்துகொள்ள வேண்டிய முன்னேற்பாடுகளைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன். தமிழ் கற்பிக்கும் உபாத்தியாயருக்கு இதில் என்ன வேலை என்று சிலர் நினைக்கக்கூடும். வைத்தியம் சொல்ல யான் வரவில்லை. வைத்தியர்கள் ஆராய்ந்து கண்டவற்றை நம் வீட்டு நடையோடு ஒட்டிப் பார்க்கவே வந்தேன்.

தமிழிலிருந்தே தொடங்குகிறேன். பாட்டியல் நூலார் பெண்ணின் பருவங்களை ஏழாக வகுத்தனர். பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண் என்பன அவை. பேதைப் பருவம் 5 வயதில் தொடங்குகிறது. பேரிளம்பெண் பருவம் 40 வயதில் முடிகிறது. உலாப் பாடிய புலவர்களும் இவ்வேழு பருவத்தாரையே வீதியில் நிறுத்தினர். அதற்கு மேற்பட்ட வயதினளுக்கு அவ்வரிசையில் இடமும் இல்லை, பெயரும் இல்லை. புலவர்கள் எடுத்துக்கொண்டது காதற்பொருள்; ஆதலால் அவர்களைக் குறைகூற வேண்டுவதில்லை. ஆனால் நம் வீடுகளிலும் அதே கணக்கு வழங்கி வருகிறதே, அதுதான் கவலைக்குரியது. பெண் பூப்பெய்தியது முதல் பிள்ளை பெற்றெடுக்கும் வரையில் அவள் உடம்பை வீடே கூடிக் கவனிக்கிறது. உளுந்தங்களி கிண்டித் தருகிறோம், வளைகாப்பு நடத்துகிறோம், பிரசவத்திற்குத் தாய்வீட்டுக்கு அனுப்பிப் பத்தியம் பார்க்கிறோம். மகப்பேறு முடிந்த பின்னர் அவ்வுடம்பு ஒருவர் கண்ணிலும் படுவதில்லை; அவள் கண்ணிலுமே படுவதில்லை.

அப்படிக் கண்ணிற்படாமல் கழியும் காலம் சிறிதன்று. நம் நாட்டில் 60 வயதை எட்டிய பெண்ணுக்கு இன்னும் ஏறத்தாழ 18, 19 ஆண்டுகள் ஆயுள் உண்டென்று கணக்கெடுத்தோர் கூறுகின்றனர். கணவனினும் இளையவளாகவும் நீண்ட ஆயுளுடையவளாகவும் இருப்பதால், அவற்றுட் பல ஆண்டுகளை அவள் தனித்துக் கழிக்க நேர்கிறது. அந்த ஆண்டுகளில் தன் காலால் நடந்து, தன் கையால் உண்டு, பேரப்பிள்ளைக்குக் கதை சொல்லிக்கொண்டிருப்பதும், கட்டிலில் கிடந்து பிறர் கையை எதிர்பார்த்திருப்பதும், பெரும்பாலும் இந்த 45 முதல் 60 வரையிலான காலத்தில் செய்த காரியங்களையும் செய்யாமல் விட்ட காரியங்களையும் பொறுத்தனவே. ஆடியில் விதைக்காதவன் தையில் களத்துக்குப் போய் என்ன அள்ளுவான்?

இந்தப் பருவத்தில் உடம்பினுள்ளே நடப்பது யாது? நம் நாட்டுப் பெண்களுக்குச் சராசரி 46, 47 வயதளவில் மாதவிலக்கு நின்றுவிடுகிறது. அதுவரையில் எலும்புக்கும் இரத்தக் குழாய்களுக்கும் காவலாக இருந்த ஒருவகைச் சுரப்பு நீர் குறைந்துபோகிறது. அதையடுத்த சில ஆண்டுகளில் எலும்பின் சாரம் விரைவாகக் கரைகிறது. இரத்த அழுத்தமும் சர்க்கரை வியாதியும் சத்தமின்றி வந்து குடியேறுகின்றன. இவை வலியைத் தரும் வியாதிகள் அல்ல. ஆதலால் வலித்தால் பார்த்துக்கொள்வோம் என்றிருப்பவர்க்கு இவை பிடிபடுவதேயில்லை. பக்கவாதமாகவோ, வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தோ வெளிப்படும்போதுதான் வீடு திடுக்கிடுகிறது.

இனி நம் திண்டுக்கல் மாவட்டத்திலேயே நிகழ்ந்த ஒரு பெருஞ்செய்தியைச் சொல்கிறேன். உலகத்து வைத்தியர்கள் அறிந்த இச்செய்தியை நம்மவரிற் பலர் அறியார்.

கர்ப்பப்பையின் வாயில் உண்டாகும் புற்றுநோய் நம் நாட்டுப் பெண்களை நெடுங்காலமாக வாட்டி வருவது. அது ஒரே நாளில் முளைப்பதன்று. புற்றாக மாறுவதற்குப் பல ஆண்டுகள் முன்னரே அவ்விடத்துத் தோலில் சில மாறுதல்கள் தோன்றுகின்றன. அப்போதே கண்டால் எளிதில் அகற்றிவிடலாம். காண்பதற்குப் பெரிய யந்திரமும் வேண்டுவதில்லை. நீர்த்த அசெட்டிக் அமிலத்தை, அஃதாவது காடியின் புளிப்புக்கு மூலமான பொருளை, அவ்விடத்தில் தடவிச் சிறிது நேரம் பொறுத்துப் பார்த்தால் மாறுதலுற்ற பகுதி வெள்ளையாகத் தெரியும். பயிற்சி பெற்ற செவிலியர் ஒருவரே இதைச் செய்துவிடலாம்.

இச்சோதனை உண்மையில் உயிரைக் காக்குமா என்பதை அறிய, 2000-ஆம் ஆண்டில் நம் மாவட்டத்திலேயே ஓர் ஆராய்ச்சி தொடங்கியது. ஒட்டன்சத்திரத்தை அடுத்த அம்பிளிக்கையிலுள்ள கிறிஸ்தவ ஐக்கிய சமூக சுகாதார நிலையத்தார் ஊரூராகச் சென்று அதை நடத்தினர். சென்னை அடையாறு புற்றுநோய் நிலையத்தாரும், பிரான்சு தேசத்து லியோன் நகரிலுள்ள சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனத்தாரும் துணைநின்றனர். மாவட்டத்து ஊர்களை 114 தொகுதிகளாக்கி, 57 தொகுதிகளில் 30 முதல் 59 வயது வரையுள்ள 49,311 பெண்களைச் சோதனைக்கு அழைத்தனர். மற்ற 57 தொகுதிகளில் இருந்த 30,958 பெண்களை வழக்கமான வைத்திய வசதியோடு இருக்கவிட்டு ஒப்பிட்டனர். 2006 வரையில் தொடர்ந்து கணக்கெடுத்து, 2007-இல் லண்டனிலிருந்து வெளிவரும் ‘லான்செட்’ என்னும் வைத்திய சஞ்சிகையில் முடிவை வெளியிட்டனர். அழைக்கப்பட்ட ஊர்களில் இந்நோய் உண்டாவது நூற்றுக்கு 25 பங்கு குறைந்தது. இந்நோயால் நேரும் மரணம் நூற்றுக்கு 35 பங்கு குறைந்தது. சோதனைக்கு வராதவர்களையும் சேர்த்துக் கணக்கிட்டும் இந்த நன்மை கண்டது என்பதைக் கவனிக்க வேண்டும்.

நம் ஊர்ப்புறத்துப் பெண்கள் கூச்சத்தை விட்டு எழுந்து வந்ததனால் உலகத்துக்கு ஓர் உண்மை தெரிந்தது. இது நாம் பெருமைப்படத் தக்கதே. ஆயினும் அதே கணக்கில் நாம் தலைகுனிந்து வாசிக்க வேண்டிய இரண்டு எண்கள் உள்ளன. அழைக்கப்பட்டவர்களுள் வந்தவர் 31,343 பேர், அஃதாவது நூற்றுக்கு ஏறத்தாழ 64. சோதனையில் முன்னறிகுறி கண்டவர்களுள் சிகிச்சை பெற்றவர் நூற்றுக்கு 72. எனவே, அழைத்தும் வராதவர் நூற்றுக்கு 36. குற்றம் இருப்பது தெரிந்தும் சிகிச்சை பெறாதவர் நூற்றுக்கு 28.

2020 நவம்பரில் உலக சுகாதார நிறுவனம் இந்நோயை ஒழிக்க ஒரு திட்டம் வகுத்தது. 2030-க்குள் பெண்களில் நூற்றுக்கு 70 பேர் சோதிக்கப்பட வேண்டும், குற்றம் கண்டவரில் நூற்றுக்கு 90 பேர் சிகிச்சை பெற வேண்டும் என்பன அதன் இலக்குகளுட் சில. எழுபதுக்கு ஆறுதான் குறைவு. தொண்ணூறுக்கோ பதினெட்டுக் குறைவு. சோதனைக்கு வருவதை விட, குற்றம் தெரிந்தபின் மீண்டும் வைத்தியரிடம் போவதே நமக்குக் கடினமாக இருந்திருக்கிறது. அதன் பின்னரும் நாடு முழுவதையும் நோக்கினால் நிலை இரங்கத்தக்கது. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, 30 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் இச்சோதனையை ஒருமுறையேனும் செய்துகொண்டவர் இந்தியாவில் நூற்றுக்கு இருவர். தமிழ்நாட்டில் ஏறக்குறைய பத்துப் பேர்.

தடை எங்கே இருக்கிறது? சோதனைப் பொருள் விலையுயர்ந்ததன்று. அரசினர் ஆரம்ப சுகாதார நிலையங்களில் செலவின்றியே பார்க்கப்படுகிறது. தடை நம் வீட்டு வாசற்படிக்கு உள்ளேதான் இருக்கிறது. “நீ போய்விட்டால் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவது யார்?” என்று ஒரு கேள்வி. “கடலைக்காய் பறிப்பு முடியட்டும்” என்று ஒரு தவணை. “நல்லா இருக்கிற உடம்புக்கு ஆஸ்பத்திரி எதற்கு?” என்று ஒரு தீர்ப்பு. இவற்றிற்கெல்லாம் மேலாக, வெட்கம். வெள்ளைப்படுதலையும், நின்ற பின்னர் மீண்டும் காணும் உதிரத்தையும், அடியிறக்கத்தையும், இருமினால் நீர் கசிவதையும் கணவனிடமும் சொல்லாமல், மகளிடமும் சொல்லாமல், பத்து ஆண்டுகள் சுமக்கும் தாய்மார் நம்முள் உண்டு. மாதவிலக்கு நின்று ஓராண்டு கழிந்தபின் ஒரு துளி உதிரம் கண்டாலும் அதே வாரத்தில் வைத்தியரைக் காண வேண்டும். இதில் வெட்கத்துக்கு இடமேயில்லை.

இங்கே ஒரு நுட்பத்தையும் சொல்லிவிடுகிறேன். அமிலம் தடவிப் பார்க்கும் சோதனையால் மிகுந்த பயன் பெற்றவர் முப்பதுகளில் இருந்த பெண்கள். மாதவிலக்கு நின்றபின் பார்க்க வேண்டிய பகுதி உள்ளே சுருங்கிவிடுவதால் அச்சோதனை தெளிவாக அமைவதில்லை. வேறுவகைச் சோதனைகள் உண்டு, வைத்தியரே சொல்வார். ஆதலால் 50 வயதுத் தாய் தனக்காகப் போகும்போது 30 வயது மகளையும் மருமகளையும் உடன் அழைத்துச் செல்லட்டும்.

“நம் பாட்டிமார் எந்த ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்? திடமாக வாழவில்லையா?” என்று கேட்பவர் உண்டு. நாம் பாட்டி என்று நினைவில் வைத்திருப்பது பாட்டியாகும் வரை உயிரோடிருந்தவர்களை மட்டுமே. ஐம்பது வயதில் ‘வயிற்றுக் கட்டி’ என்றும் ‘காற்றுச் சேட்டை’ என்றும் பெயர் சொல்லிச் சுடுகாட்டுக்கு அனுப்பப்பட்டவர்களை யார் எண்ணி வைத்தார்கள்?

இனி அன்றாடம் வீட்டில் செய்யத்தக்கவை. முதலாவது உணவு. எல்லோரும் உண்ட பின் பாத்திரத்தில் மிஞ்சியதை உண்ணும் வழக்கம் ஒழிய வேண்டும். முன்சொன்ன கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களிற் பாதிக்கு மேற்பட்டோர் இரத்தக் குறைவுடையோர். அந்தக் குறையோடுதான் அவர்கள் ஐம்பதுக்குள் அடியெடுத்து வைக்கிறார்கள். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு. நம் முன்னோர் உண்ட களியும் கூழும் எலும்புக்கு எவ்வளவு உகந்தவை என்பது இதனால் விளங்கும். கீரையும், பயறும், மோரும், முட்டை உண்பவர்க்கு முட்டையும் அவள் தட்டிலும் விழ வேண்டும். உப்பு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அஃதாவது ஒரு தேக்கரண்டிக்கு உட்பட்டிருக்க வேண்டும். ஊறுகாயும் அப்பளமும் அக்கணக்கிற் சேர்ந்தனவே.

இரண்டாவது நடை. வயல்வேலையும் வீட்டுவேலையும் செய்பவளுக்கு நடை எதற்கு என்பீர்கள். குனிந்து களை பறிப்பது முதுகை வருத்துமே அன்றி மூச்சுக்கும் காலுக்கும் வேண்டிய பயிற்சி முழுவதும் அதனால் கிட்டாது. வாரத்துக்கு 150 நிமிஷமேனும் வேகமாக நடக்க வேண்டும் என்பதும், வாரம் இருமுறையேனும் தசைக்கு வலுவூட்டும் பயிற்சி வேண்டும் என்பதும் உலக சுகாதார நிறுவனத்தார் கூற்று. கையூன்றாமல் நாற்காலியிலிருந்து பத்துமுறை எழுந்து உட்காருவதும் ஒரு பயிற்சியே. பழனி மலைப் படிகளை நம்பி நாம் வாழும் ஊர் இது. எழுபதாம் வயதிலும் பிறர் தோளைப் பிடிக்காமல் ஏற வேண்டுமென்றால் அம்முழங்காலை ஐம்பதிலேயே பழக்க வேண்டும்.

மூன்றாவது, ஆண்டுக்கு ஒருமுறையேனும் இரத்த அழுத்தம், சர்க்கரை, மார்பகம், கண் ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ளுதல். 2021 ஆகஸ்ட் 5-ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கப்பட்ட பின்னர், அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் உரிய மாத்திரைகளை வீடுதேடிக் கொடுத்து வந்தனர். ஆனால் மாத்திரை வீட்டுக்கு வரலாம். அதை விழுங்க நினைவூட்டும் மனிதர் வீட்டுக்குள்ளேதான் இருக்க வேண்டும்.

நான்காவது, கையில் ஒரு பொருள். வைத்தியரிடம் போகப் பேருந்துக் காசுக்கு மகன் முகத்தைப் பார்த்து நிற்கும் தாய், போவதையே தள்ளிப்போடுவாள். அவள் பெயரில் ஒரு வங்கிக் கணக்கும், அதை அவளே நடத்தும் பழக்கமும் வேண்டும். 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்தவனுடைய சொத்தில் மக்களோடு ஒப்ப அவன் மனைவிக்கும் தாய்க்கும் பங்குண்டு என்பதை நம் ஆடவர் மறவாதிருப்பாராக.

முடிவாகச் சங்கத்தாருக்கு ஒரு விண்ணப்பம். ஒரு வீட்டில் கல்யாணம் என்றால் நாம் பத்து ஊர் போய் அழைக்கிறோம். துக்கம் என்றால் அழையாமலே கூடுகிறோம். இவ்வளவு உறவுமுறை நமக்கு வாய்த்திருக்க, அதை இந்தக் காரியத்துக்கும் பயன்படுத்தினால் என்ன? ஆண்டுக்கு இருமுறை, அறுவடையில்லாத ஒரு நாளைக் குறித்து, ஊருக்குப் பத்துப் பெண்களாகச் சேர்ந்து சுகாதார நிலையத்துக்குச் செல்லட்டும். கூட்டமாகப் போகும்போது கூச்சம் பாதி கழிந்துவிடும். அன்று மாட்டையும் அடுப்பையும் ஆடவர் பார்த்துக்கொள்ளட்டும். எவளுக்கேனும் மீண்டும் வரும்படி வைத்தியர் சொன்னால், அவளைத் தனியே அனுப்பாமல் மாதர் பகுதியிலிருந்து ஒருவர் துணைபோகட்டும். 72-ஐத் தொண்ணூறு ஆக்கும் வழி இந்தத் துணைதான். செலவு சிறிது, வேண்டுவது மனம்.

தாய்மார்களே! உங்களுக்கு ஒரே ஒரு வார்த்தை. உங்கள் உடம்பைப் பேணுவது தன்னலமன்று. நீங்கள் கிடையாய்க் கிடந்தால் மகளோ மருமகளோ தன் வேலையை விட்டு உங்கள் அருகில் இருக்க வேண்டிவரும். நீங்கள் நடமாடினால் அவள் பிள்ளை பள்ளிக்கூடம் போகும். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது, “நான் போய்ப் பார்த்துக்கொண்டு வந்தேன்” என்று உங்களிற் பத்துப்பேர் எழுந்து சொன்னால், இன்று யான் பேசியது வீண்போகவில்லை என்று மகிழ்வேன்.