வாசிப்புப் போட்டிக்கு அணி சேர்ப்பது எப்படி?

(யூபிலி ஆண்டுத் தொடக்கத்தில் பெற்றோர் ஆசிரியர் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



யூபிலியை முன்னிட்டு நம் பங்குச் சிறார்களுக்கு மீண்டும் வாசிப்புப் போட்டி நடத்த இருக்கிறோம். பரிசு என்னவென்று பலர் கேட்டனர். அணிகளை எவ்வாறு சேர்க்கப் போகிறோம் என்று ஒருவரும் கேட்கவில்லை. இன்று நாம் பேச விழைவது அதைப் பற்றியே.

சென்ற ஆண்டு நாம் செய்த தவற்றை முதலில் ஒப்புக்கொள்கிறோம். மதிப்பெண் பட்டியலைப் பார்த்து, முதல் நால்வர் ஓர் அணி, அடுத்த நால்வர் மற்றோர் அணி என்று பிரித்தோம். எழுத்துக் கூட்டிப் படிக்கும் ஒரு சிறுமியை, “தேவைப்பட்டால் கூப்பிடுகிறோம்” என்று சொல்லி ஓரமாக உட்கார வைத்தோம். போட்டி முடியும்வரை யாரும் அவளைக் கூப்பிடவில்லை. மடியில் புத்தகத்தோடு அவள் காத்திருந்த காட்சி இன்னும் நம் மனத்தை உறுத்துகிறது.

இத்தகைய போட்டிகளைப் பிற நாட்டினரும் நடத்துகின்றனர். அமெரிக்காவில் ஓரிகன் மாநிலப் பள்ளிகளில் ‘புத்தகப் போர்’ என்னும் போட்டி உண்டு. எல்லா அணிகளுக்கும் ஒரே நூற்பட்டியல். பல ஆண்டுகளில் அதில் 16 நூல்கள் இருந்தன. ஓர் அணிக்கு நால்வர். “எந்த நூலில் இந்நிகழ்ச்சி வருகிறது?” என்று வினவுவர். கூடிப் பேச 15 வினாடி. நூற்பெயருக்கு 3 மதிப்பெண், ஆசிரியர் பெயருக்கு 2. எல்லா நூல்களையும் ஒருவரே நினைவில் வைப்பது கடினம். ஆகவே ஒருவர் படித்ததை மற்றவருக்குச் சொல்லியே தீரவேண்டும். அணியின் பயன் அதில்தான் இருக்கிறது.

இவ்வாண்டு நமது ஏற்பாடு இதுவே. பிள்ளைகள் 32 பேர், அணிகள் 8. ஒவ்வோர் அணியிலும் சரளமாகப் படிப்பவர் ஒருவர், நடுத்தரமானவர் இருவர், தட்டுத்தடுமாறிப் படிப்பவர் ஒருவர். யார் எந்த வகை என்பது ஆசிரியருக்கு மட்டும் தெரிந்தால் போதும். மாலையில் கூடிப் படிக்க வசதியாக, இயன்றவரை ஒரே தெருப் பிள்ளைகளைச் சேர்ப்போம்.

நூல்கள் 12. ஒவ்வொன்றையும் அணியில் இருவர் படிக்கவேண்டும்; அப்படியானால் ஒருவர் பங்கு 6 நூல்கள். ஒவ்வொரு நூலுக்கும் 3 பிரதிகள் வாங்கினால் 36 ஆகும். எந்தப் பிள்ளையும் வெறுங்கையோடு இராது. ஞாயிறு திருப்பலி முடிந்ததும் புத்தகம் மாற்றிக்கொள்ளலாம். 6 வாரம் படிப்பு. பின்னர் 2 வாரம் ஒருவருக்கொருவர் கதை சொல்லி, தாங்களே கேள்வி எழுதிப் பழகட்டும்.

போட்டியன்று நால்வரும் கலந்து பேசலாம். ஆனால் விடையை முறைவைத்து ஒவ்வொருவராகச் சொல்லவேண்டும். வாய் திறவாமல் எந்தப் பிள்ளையும் வீடு திரும்பலாகாது.

பெற்றோரே, எழுதப் படிக்கத் தெரியாதே என்று தயங்காதீர்கள். அடுப்படியில் வேலை செய்துகொண்டே, “இன்று என்ன கதை படித்தாய்? சொல்” என்று கேளுங்கள். கேட்க ஒருவர் இருந்தால் பிள்ளை படிக்கும்.

நமது பட்டியலில் வீரமாமுனிவரின் பரமார்த்த குரு கதையும் இருக்கிறது. ஆற்றைக் கடந்த குருவும் ஐந்து சீடர்களும் தங்களை எண்ணிப் பார்த்தார்கள். எண்ணியவர் தம்மை விட்டுவிட்டு எண்ணியதால், ஒருவரை ஆறு கொண்டுபோயிற்று என்று அழுதார்கள். பிள்ளைகள் இதைப் படித்து விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நமக்கோ சிரிப்பு வரவில்லை. அவர்கள் எண்ணத் தவறியவர் பத்திரமாகக் கரையில்தான் நின்றார். நாம் எண்ணத் தவறிய சிறுமியும் நம் கண்ணெதிரிலேதான் உட்கார்ந்திருந்தாள்.

இம்முறை அவளுடைய பெயரைத்தான் முதல் அணியில் முதலாவதாக எழுதியிருக்கிறோம். மற்ற 31 பெயர்களையும் எழுத நீங்கள் உதவவேண்டும். அடுத்த ஞாயிறன்று உங்கள் பிள்ளைகளை அழைத்து வாருங்கள் என்று அன்புடன் கேட்டு அமைகிறோம்.