ஆட்டோமேட்டிக் டீசல் வண்டியில் இன்னொரு வண்டியைக் கட்டி இழுக்கும்போது

(மழைக்கால முன்னேற்பாட்டுக் கூட்டத்தில் நம் குடியிருப்பாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



செயலாளர் என்னிடம் கேட்டது ஒரே ஒரு கேள்வி. நம் வளாகத்தில் நாலைந்து ஃபோர் வீல் டிரைவ் வண்டிகள் நிற்கின்றன. எல்லாமே டீசல், எல்லாமே ஆட்டோமேட்டிக். பேஸ்மென்டில் தண்ணீர் ஏறினாலோ, வல்லக்கோட்டை பக்கம் யாருடைய காராவது சேற்றில் இறங்கிவிட்டாலோ, இவற்றை வைத்து இழுக்கலாமா? "ஆட்டோமேட்டிக்கில் இழுத்தால் கியர்பாக்ஸ் போய்விடும்" என்று ஒரு பேச்சு இருக்கிறதே, அது உண்மையா? நான் கியர்பாக்ஸ் வேலையிலேயே இருப்பவன் என்பதால் பேசச் சொன்னார்.

2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலையும் நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். முடிச்சூர், வேளச்சேரி பக்கமிருந்து இங்கே குடிவந்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அப்போதெல்லாம் கையில் கிடைத்த கயிற்றைக் கட்டி, எந்த வண்டி ஓடுகிறதோ அதை வைத்து இழுத்தோம். அவசரத்தில் அப்படித்தான் நடக்கும். அதனால்தான் மழைக்கு முன்பே இதைப் பேசிவிடலாம் என்கிறேன்.

முதலில் அந்தப் பயத்தை எடுத்துவிடுவோம். இழுப்பதற்கு ஆட்டோமேட்டிக் மட்டமானதல்ல. ஃபார்ச்சூனர் 2.8 டீசலை எடுத்துக்கொள்ளுங்கள். மேனுவலில் 420 நியூட்டன் மீட்டர் டார்க், ஆட்டோமேட்டிக்கில் 500. ஸ்கார்ப்பியோ-என் டீசலிலும் மேனுவலுக்கு 370, ஆட்டோமேட்டிக்குக்கு 400. கம்பெனிக்காரர்களே ஆட்டோமேட்டிக்குக்குத்தான் கூடுதலாகக் கொடுத்திருக்கிறார்கள்.

அதோடு டார்க் கன்வெர்ட்டர் என்று ஒன்று இருக்கிறது. இரண்டு மின்விசிறிகளை எதிரெதிரே வைத்து, ஒன்றை மட்டும் ஓடவிட்டால் அந்தக் காற்றில் மற்றதும் சுற்றும் இல்லையா? அதே சங்கதிதான், காற்றுக்குப் பதில் எண்ணெய். வண்டி நகரத் தொடங்கும் நேரத்தில் இன்ஜின் பக்கம் வேகமாகவும் சக்கரத்தின் பக்கம் மெதுவாகவும் சுற்றும். நடுவில் இருக்கும் ஸ்டேட்டர் எண்ணெயைத் திருப்பி அனுப்புவதால், இன்ஜின் தரும் டார்க் ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. மேனுவலில் இதே வேலைக்கு கிளட்சை அரைத்துத் தேய்க்க வேண்டும். சேற்றில் அடைபட்ட காரை மெல்ல அசைத்து எடுக்க ஆட்டோமேட்டிக்தான் எனக்குப் பிடிக்கும்.

ஆனால் இந்த உதவி இலவசமில்லை. இரண்டு பக்கமும் வெவ்வேறு வேகத்தில் சுற்றும் வரை, நடுவில் வீணாகும் சக்தி அத்தனையும் சூடாக மாறி எண்ணெயில் இறங்குகிறது. ரோட்டில் வேகம் பிடித்தால் லாக்-அப் கிளட்ச் இரண்டையும் ஒன்றாகப் பூட்டிவிடும், சூடு நின்றுவிடும். நீங்களோ இன்னொரு வண்டியைக் கட்டிக்கொண்டு பத்து கிலோமீட்டர் வேகத்தில் ஊர்கிறீர்கள். அந்த வேகத்தில் லாக்-அப் வராது. கியர்பாக்ஸ் கெடுவது இழுப்பதால் அல்ல, இந்தச் சூட்டால்.

ஆகவே இழுவையை நன்றாக்குவது என்றால் சூட்டைக் குறைப்பதுதான். அதற்கு முதல் வழிக்குப் பைசா செலவில்லை: 4எல், அதாவது லோ ரேஞ்ச். நம் ஊரில் இதை வாங்கிப் பல வருடமாகியும் ஒருமுறைகூடப் போட்டுப் பார்க்காதவர்கள் இருக்கிறார்கள். லோ ரேஞ்சில் சக்கரத்துக்குப் போகும் இழுவை ஏறக்குறைய இரண்டரை மடங்கு கூடுகிறது. இன்ஜின் நல்ல சுற்றில் ஓடும், டர்போவும் விழித்திருக்கும், கன்வெர்ட்டர் நழுவுவது குறையும். கியரை டி-யில் விடாமல் மேனுவல் மோடுக்குத் தள்ளி ஒன்றிலோ இரண்டிலோ பிடித்துவையுங்கள். டி-யில் விட்டால் பாக்ஸ் மேலும் கீழுமாக மாற்றிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு மாற்றமும் கொஞ்சம் சூடு.

ஒரு எச்சரிக்கை. தார், ஃபார்ச்சூனர் போன்றவை பார்ட்-டைம் ஃபோர் வீல் டிரைவ். முன் அச்சும் பின் அச்சும் இறுகப் பிணைந்துவிடுவதால், காய்ந்த தார் ரோட்டில் 4எச், 4எல் போட்டுத் திருப்பினால் உள்ளே முறுக்கு ஏறும். சேறு, ஈரமான பேஸ்மென்ட் சரிவு, அதுவும் நேராக மேலே என்றால் பரவாயில்லை. மேலே வந்ததும் 2எச்சுக்கு மாற்றிவிடுங்கள்.

இழுத்து முடித்ததும் உடனே சாவியைத் திருப்பி இன்ஜினை நிறுத்தாதீர்கள். மூன்று நான்கு நிமிடம் நியூட்ரலில் ஓடட்டும். கியர் எண்ணெய் கூலர் வழியாகச் சுற்றி ஆறும், டர்போவும் ஆறும். அடிக்கடி இழுப்பவராக இருந்தால், உதாரணமாக வாரக் கடைசியில் ஈசிஆர் பக்கம் படகு டிரெய்லர் கொண்டுபோகிறவர் என்றால், தனி ஏடிஎஃப் கூலர் மாட்டுவது உருப்படியான செலவு. ஓபிடி போர்ட்டில் ஒரு சின்னக் கருவியைச் செருகினால் பல வண்டிகளில் கியர் எண்ணெயின் சூட்டைப் போனிலேயே பார்க்கலாம். "இந்த எண்ணெய் வண்டி உள்ளவரை மாற்றவே வேண்டாம்" என்று சொல்லும் சர்வீஸ் சென்டரை நம்ப வேண்டாம். கடும் உபயோகத்துக்கான அட்டவணை கையேட்டிலேயே தனியாக இருக்கும், பாருங்கள்.

சிப் ட்யூனிங் பற்றிக் கேட்கிறார்கள். ரீமேப் செய்தால் ஐம்பது அறுபது நியூட்டன் மீட்டர் கூடும்தான். கியர்பாக்ஸுக்குள் இருக்கும் கிளட்ச் தட்டுகளுக்கு அது தெரியாது. அவை பழைய கணக்குக்குத்தான் செய்யப்பட்டவை. வாரண்டியும் போகும். நம் தேவைக்கு டார்க் போதாமல் இல்லை. சக்கரம் தரையைப் பிடிப்பதுதான் போதாது. 500 நியூட்டன் மீட்டர் இருந்து என்ன, டயர் சேற்றில் சுற்றினால்? சேற்றில் இழுக்கும் முன் டயர் காற்றை இருபது பிஎஸ்ஐ அளவுக்கு இறக்குங்கள். ரோட்டுக்கு வந்ததும் மறக்காமல் ஏற்றுங்கள்.

இனி கயிறு. உண்மையில் இன்று நான் பேச வந்ததே இதற்காகத்தான். கியர்பாக்ஸ் போனால் பணம் போகும். கயிறோ கொக்கியோ அறுந்தால் ஆள் போய்விடுவார்.

டிரெய்லர் மாட்டும் உருண்டைத் தலை இருக்கிறதே, டோ பால், அதில் ஒருநாளும் கயிற்றைக் கட்டி வெடுக்கென்று இழுக்காதீர்கள். அது உடைந்து தோட்டா போலப் பறக்கும். ஆஸ்திரேலியாவில் இதனால் உயிர்களே போயிருக்கின்றன. பம்பருக்குள் ஒரு மூடி இருக்கும், அதைத் திறந்து, டூல்கிட்டில் உள்ள இழுவை வளையத்தைத் திருகி மாட்டுங்கள். பல கார்களில் இது இடது மரை. வழக்கத்துக்கு மாறாக எதிர்ப்பக்கம் திருப்பினால்தான் இறுகும். இருட்டில், மழையில் இதைக் கண்டுபிடிக்க முடியாது. இந்த ஞாயிற்றுக்கிழமையே உங்கள் காரில் ஒருமுறை மாட்டிப் பாருங்கள்.

கயிற்றிலும் இரண்டு ரகம். நைலான் கைனெட்டிக் கயிறு ரப்பர் போல நீளும். புதைந்த வண்டியைப் பிடுங்கி எடுக்க அது. ரோட்டில் கட்டிக்கொண்டு போக நீளாத பட்டைக் கயிறு. 1989-இல் வந்த சாலை விதிமுறைகள், இரு வண்டிகளுக்கும் நடுவே 5 மீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது, வேகம் 24 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது என்றன. கயிற்றின் நடுவில் கனமான ஈரச் சாக்கு ஒன்றைப் போடுங்கள். அறுந்தால் அது கயிற்றைக் கீழே அமுக்கும். வேடிக்கை பார்ப்பவர்கள், முக்கியமாகக் குழந்தைகளும் போனில் படம் பிடிப்பவர்களும், கயிற்றின் நீளத்தைப் போல இரண்டு பங்கு தள்ளி நிற்க வேண்டும். கயிறு இருக்கும் நேர்க்கோட்டில் யாருமே கூடாது.

இழுபடும் கார் எது என்பதும் முக்கியம். தண்ணீர் ஏறிய காரை ஸ்டார்ட் செய்து பார்க்கவே கூடாது. இன்ஜின் ஓடாத காரில் பிரேக் மிதி கல் மாதிரி இறுகியிருக்கும், ஸ்டீயரிங்கும் கனக்கும். எனவே வண்டி ஓட்டிப் பழகிய, காலில் பலமுள்ள ஒருவர்தான் உள்ளே உட்கார வேண்டும். ஸ்டீயரிங் பூட்டு விழாமல் சாவி ஆனில் இருக்கட்டும். ஆட்டோமேட்டிக் காரை சக்கரம் தரையில் உருள நீண்ட தூரம் இழுத்தால், இன்ஜின் ஓடாததால் உள்ளே எண்ணெய் பம்ப் சுற்றாது, பாக்ஸ் எண்ணெயில்லாமல் அரைபடும். பேஸ்மென்டிலிருந்து மேலே கொண்டுவரும் தூரம் போதும், அதற்கு மேல் வேண்டாம். மின்சாரக் கார் என்றால் தொடவே வேண்டாம். சக்கரம் சுற்றினால் மோட்டார் மின்சாரம் உண்டாக்கும். ஃப்ளாட்பெட் வண்டிதான் அதற்கு வழி.

ஒரகடம் ரோட்டில் கட்டி இழுத்துப் போவதை நான் ஆதரிக்க மாட்டேன். பின்னால் வருகிற கன்டெய்னர் லாரிக்கு, மழையில் இருபது கிலோமீட்டர் வேகத்தில் ஊரும் இரண்டு கார்கள் கடைசி நிமிடத்தில்தான் தெரியும். ஆபத்தில்லாத ஓரம் வரை இழுங்கள், பிறகு ஃப்ளாட்பெட்டைக் கூப்பிடுங்கள். பெங்களூரு நெடுஞ்சாலையில் நின்றுவிட்டால் 1033 எண்ணுக்கு அழையுங்கள்.

சங்கத்துக்கு என் கோரிக்கை இவ்வளவுதான்: ஐந்து மீட்டர் பட்டைக் கயிறு ஒன்று, கைனெட்டிக் கயிறு ஒன்று, எத்தனை டன் தாங்கும் என்று எழுதப்பட்ட ஷேக்கிள்கள் நான்கு, இரண்டு சாக்கு, ஒரு நல்ல டார்ச், கையுறை. எல்லாம் ஒரே பையில், பேஸ்மென்டில் அல்ல, மேலே செக்யூரிட்டி அறையில். யார் யாருடைய வண்டி 4எல் உள்ளது என்ற பட்டியலும் அந்தப் பையிலேயே இருக்கட்டும். இனி உங்கள் கேள்விகளைக் கேளுங்கள்.