அடைக்கலப் பொருள்

(நமது சங்கத்தின் குடும்பக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



நம் இல்லங்களில் குழந்தை பிறந்தால், ஞானஸ்நானத்தன்று ஓர் அர்ச்சியசிஷ்டரின் நாமத்தை அதற்குச் சூட்டுகிறோம். ஆயின், அக்குழந்தையை வளர்க்கும் முறையில் அர்ச்சியசிஷ்டர்களைக் கண்டு பாவிக்கிறோமோ? "அவர்கள் மடத்திலும் வனத்திலும் வாழ்ந்தவர்கள், சம்சாரிகளாகிய நமக்கு அவர்கள் எங்ஙனம் மாதிரியாவர்?" என்று வினவுவாரும் உளர். அவ்வினாவுக்கு விடையாக, சம்சாரிகளாகவே வாழ்ந்து மோட்ச மகிமை பெற்ற ஒரு தம்பதிகளை இன்று சிந்திப்போமாக. அவர்களே, நாம் சிறுமலரென்று போற்றும் அர்ச். குழந்தை தெரேசம்மாளின் தாய் தந்தையராகிய செலி அம்மாளும் லூயிஸ் மார்ட்டினும் ஆவர்.

பிராஞ்சு தேசத்திலே அலென்சோன் என்னும் பட்டணத்தில் லூயிஸ் கடிகாரத் தொழில் செய்தார். செலி அம்மாள் லேஸ் பின்னல் தொழில் நடத்தினார். இருவரும் இளமையில் துறவறத்தை நாடி, ஏற்றுக்கொள்ளப்படாது திரும்பியவர்கள். 1858ம் ஆண்டு ஜூலை மாதம் 13ந் தேதி இவர்களுக்கு விவாகம் நடந்தது. ஒன்பது மக்கள் பிறந்தனர். அவர்களுள் ஆண்மக்கள் இருவரும் பெண்மக்கள் இருவரும் இளம்பிராயத்திலேயே மரித்தனர். எஞ்சியவர் ஐந்து பெண்கள். ஆண் வாரிசில்லையே என்று அவ்வைவரையும் குறைவாய் எண்ணினாரில்லை.

இவர்கள் சரிதையில் நமக்குரிய பாடங்கள் மூன்றுள.

முதலாவது, தகப்பனின் தாழ்மை. மனைவியின் தொழில் பெருகவே, 1870ம் ஆண்டில் லூயிஸ் தம் கடிகாரக் கடையை மருமகன் வசம் விற்றுவிட்டு, மனைவியின் தொழிலுக்கு உதவியாய் நின்றார். 'பெண்டாட்டி தொழிலுக்குத் துணை போவதோ?' என்று மீசையை முறுக்கும் நம்மவர் இதனைச் சற்றே யோசிக்கக் கடவர். குடும்ப க்ஷேமமே அவருக்குக் கௌரவமாயிருந்தது.

இரண்டாவது, தாயின் பொறுமை. மூன்றாவது மகளாகிய லெயோனி, நோயிலும் பிடிவாதத்திலும் வளர்ந்த பிள்ளை. பள்ளியில் நிலைக்காமல் திருப்பியனுப்பப்பட்டவள். சகோதரிகள் கெட்டிக்காரிகளாயிருக்க, இவளொருத்தி பின்தங்கினாள். செலி அம்மாள் மார்பில் புற்றுநோய் கண்டு மரணத்தை எதிர்நோக்கியிருந்த நாட்களில், வேலைக்காரி ஒருத்தி அப்பிள்ளையை மறைவில் அச்சுறுத்தி அடக்கி வந்தது வெளிப்பட்டது. அதன்பின் தாய் அவளைத் தம்மருகிலேயே வைத்து அன்பினால் தேற்றினார். தாம் போனபின் இவள் கதி யாதாகுமோ என்பதே அவருடைய பெருங்கவலை. 1877ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 28ந் தேதி அத்தாய் மரித்தார். லெயோனியோ மும்முறை மடம் புகுந்து மும்முறையும் திரும்பி, 1899ம் ஆண்டில் கான் நகரத்து மடத்தில் நிலைபெற்று, 1941ல் அங்கேயே மரித்தாள். 2015ல் அவளுடைய புனிதத்துவத்தைக் குறித்துத் திருச்சபையின் விசாரணை தொடங்கிற்று. தாய் விதைத்தாள், விளைவைக் கண்டாளில்லை. "உன் தமக்கையைப் பார்" என்று இடித்துரைப்பதற்கு முன், நம் வீட்டு லெயோனியை நாம் நினைப்போமாக.

மூன்றாவதும் அரியதுமான பாடம், கொடுத்துவிடுதல். மனைவியை இழந்த லூயிஸ் பெண்மக்களுடன் லிசியூ நகரில் குடியேறினார். 1882ல் பவுலினும் 1886ல் மரியாளும் கார்மேல் மடம் புகுந்தனர். 1887ம் ஆண்டு மே மாதத்தில் அவருக்குப் பக்கவாதம் கண்டது. அம்மாத இறுதியில், பெந்தெகோஸ்தே திருநாளன்று, பதினான்கு வயதுள்ள கடைக்குட்டி தெரேசாள் தோட்டத்தில் அவரருகே அமர்ந்து, தானும் மடத்துக்குப் போக உத்தரவு கேட்டாள். தகப்பனார் கண்ணீர் வடித்தார், ஆனால் தடுத்தாரில்லை. சுவரோரத்தில் முளைத்த சிறு வெண்மலரொன்றை வேரோடு பறித்து அவள் கையில் கொடுத்தார். வயது போதாதென்று பெரியோர் மறுத்தபோது, அவளுக்காகத் தாமே மேற்றிராணியாரிடமும் ரோமாபுரிக்கும் உடன்சென்றார். 1888ம் ஆண்டு ஏப்ரல் 9ந் தேதி அவள் மடம் புகுந்தாள்.

அடுத்த ஆண்டில் அவருடைய சித்தம் கலங்கவே, மூன்றாண்டுகள் கான் நகரத்து வைத்தியசாலையில் இருக்க நேர்ந்தது. கொடுத்தவர் கைவிடப்பட்டாரோ? இல்லை. மகள் செலின், 1894ம் ஆண்டு ஜூலை 29ந் தேதி அவர் மரிக்குமட்டும் பணிவிடை செய்து, அதன்பின்னரே தானும் மடம் புகுந்தாள்.

சகோதரர்களே! பிள்ளை நாம் தேடிய ஆஸ்தியன்று. சர்வேசுரன் நம் கையில் ஒப்புவித்த அடைக்கலப் பொருள். நாமோ, மகன் படிக்கும் படிப்பையும் மகள் புகும் வீட்டையும் ஊரார் நாவுக்கஞ்சித் தீர்மானிக்கிறோம், குலப்பெருமை யென்கிறோம், வயோதிகத்துக்கு ஊன்றுகோலென்கிறோம். இக்குற்றத்துக்கு நம்மில் ஒருவரும் விலக்கல்லோம். ஐவரும் கன்னியராகவே, மார்ட்டின் குலத்தாருக்குப் பேரன் பேத்தி யில்லாது போயிற்று. எனினும், 2015ம் ஆண்டு அக்டோபர் 18ந் தேதி பாப்பரசர் பிரான்சிஸ் அவர்கள் அத்தம்பதிகளை ஒருங்கே அர்ச்சியசிஷ்டர் வரிசையில் சேர்த்தார். தம்பதிகள் ஒருசேர அப்பட்டம் பெற்றது அதுவே முதன்முறை.

நம் மக்கள் எல்லாரும் மடம் புகவேண்டுமென்று நாம் சொல்லவில்லை. இன்றிரவு ஜெபமாலை முடிந்தபின், தாய் தந்தையர் ஒவ்வொருவரும் பிள்ளையைத் தனியே அழைத்து, "உன் மனத்திலிருப்பது யாது?" என்று ஒருமுறை கேட்பாராக. கேட்டபின், பதில் வருமட்டும் பொறுத்திருப்பாராக. அதுவே நாம் தொடங்கத்தக்க இடம்.